கைக்கு வரும் காசு கூடினால் ஈபிஎப்புக்கு என்ன ஆகும்?

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பிரிவில் 11 வருடம் வேலை செய்தேன். 2017இல் மெனேஜர் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். மொத்தச் சம்பளம் மாறாதாம். அதில் ஒரு பங்கை மட்டும் ‘வரவு ஊக்கத்தொகை’, அதாவது வேலைக்குத் தவறாமல் வருவதற்கான காசு என்று தனியாகப் போடுவார்களாம். ஈபிஎப் என்ற ஊழியர் சேமலாப நிதிக்கான பிடிப்பு குறையும், கையில் கூட வரும் என்றார். மகளுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்க வேண்டிய மாதம் அது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். கூரை மாற்ற ஈபிஎப்பில் 30 வீதம் எடுக்கலாம் என்று போய் நின்றபோதுதான், என் கணக்கில் நான் நினைத்த தொகை இல்லை என்று தெரிந்தது.

இதே கடிதம் இப்போது அட்டனிலும் பண்டாரவளையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் வருகிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சம்பளம் 45,000 ரூபாய் என்று வையுங்கள். முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்றால் ஈபிஎப்புக்கு உங்களிடம் 8 வீதம், 3,600 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளி தன் பையிலிருந்து 12 வீதம், 5,400 போட வேண்டும். ஈடிஎப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம், 1,350. அதுவும் அவர் காசுதான், உங்களிடம் பிடிக்க முடியாது. உங்கள் பெயரில் மாதம் 10,350 சேர்கிறது.

இப்போது 30,000 அடிப்படை, 15,000 ஊக்கத்தொகை என்று பிரித்து, 30,000க்கு மட்டும் கணக்குப் போட்டால்? பிடிப்பு 2,400 ஆகிறது. கையில் 1,200 கூடுகிறது, சந்தோஷம்தான். ஆனால் உங்கள் பெயரில் சேர்வது 6,900தான். மாதம் 3,450 குறைந்துவிட்டது. அதில் 1,200 உங்கள் காசு, கைக்கு வந்துவிட்டது. மீதி 2,250 முதலாளி தர வேண்டியிருந்தது. அது உங்களுக்கு எந்த வழியிலும் வராது. அடிப்படையிலிருந்து 1,000 ரூபாய் நகர்ந்தால் கையில் 80 கூடும், முதலாளியின் 150 போய்விடும். இந்த இரண்டு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும், எந்தச் சம்பளத்துக்கும் கணக்குப் போடலாம்.

அம்மா தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அவருடைய பழைய சம்பளத் துண்டுகள் இன்னும் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன, எழுத்து மங்கி, மடித்த இடத்தில் கிழிந்து. தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் 2016இல் செய்த கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 730 ரூபாய் என்று பேச்சு. அதில் அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்தித் திறனுக்கு 140, தேயிலை விலைக்கான ‘விலைப் பங்கு’ 30. ஈபிஎப், ஈடிஎப் இரண்டுக்கும் சேர்த்துத் தோட்டம் போட்டது 500க்கு மட்டும், 75 ரூபாய். 730க்கும் போட்டிருந்தால் 109 ரூபாய் 50 சதம். 2019இல் வரவுக் காசும் உற்பத்திக் காசும் போய், அடிப்படை 700, விலைப் பங்கு 50 என்று ஆனது. 20 ரூபாய்தானா கூடியது என்று எங்கள் லயமே, அந்த வரிசை வீடுகள் எல்லாமே, கொதித்தது, கொதித்ததில் நியாயமும் இருந்தது. ஆனால் தோட்டம் போடும் 75 ரூபாய் 105 ஆனதை எங்கள் லயத்தில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. எனக்கும் அப்போது அது கண்ணில் படவில்லை.

சரி, உங்கள் சம்பளச் சீட்டைக் கையில் எடுங்கள். ஈபிஎப் என்று பிடித்த தொகையை 8ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 2,400 பிடித்திருந்தால் 30,000 வரும். முதலாளி உங்கள் சம்பளம் என்று காட்டுவது அந்த 30,000தான், வாயால் சொன்ன 45,000 இல்லை.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஈபிஎப் சட்டம் ‘அடிப்படைச் சம்பளத்துக்கு’ என்று சொல்லவில்லை, ‘சம்பாத்தியத்துக்கு’ என்கிறது. வாழ்க்கைச் செலவுப் படி, விசேட வாழ்க்கைப் படி, அவை போன்ற மற்றப் படிகள், விடுமுறை நாள் சம்பளம், சாப்பாட்டுப் படி, கமிஷன் எல்லாம் அதில் சேரும். ஓவர்டைம் சேராது. தகராறு வருவது ‘ஊக்கத்தொகை’ என்று பெயர் வைத்த வரியில்தான். மாதா மாதம் ஒரே தொகையாக, லீவு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அது ஊக்கத்தொகை இல்லை, சம்பளம்தான் என்று வாதாட உங்களுக்கு இடம் இருக்கிறது. சீட்டுகளை எடுத்துக்கொண்டு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள், அட்டனிலும் இருக்கிறது. ஒரு மாதச் சீட்டு போதாது, 12 மாதத்தைத் தேதி வரிசையில் கொண்டுபோங்கள்.

வேலையை விட்டு விலகும்போது முதலாளி தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டியையும் மறக்காதீர்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, ஒரு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். கடைசிச் சம்பளம் 45,000 என்றால் வருடத்துக்கு 22,500. 30,000 என்று எழுதிவிட்டால் 15,000.

அப்புறம், ஈபிஎப்பில் உங்கள் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் பக்கத்தில் ஒரே ஆளுக்கு மூன்று விதமாகப் பெயர் எழுதிவைத்திருப்பார்கள். 50 வயதில் காசு எடுக்கப் போன அம்மா, ஓர் எழுத்துக்காக மூன்று தடவை அலைந்தார்.

மெனேஜரிடம் சண்டை வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். 8, 12 என்பவை குறைந்தபட்சம்தான், கூடப் போடச் சட்டத்தில் தடை இல்லை. நான் இப்போது வேலை பார்க்கும் இடத்திலும் இதே பிரிப்பைச் சொன்னார்கள். கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுத்தேன்: “ஈபிஎப், ஈடிஎப் பங்களிப்புகள் ஊக்கத்தொகை உட்பட மொத்த மாதச் சம்பளத்துக்கும் கணக்கிடப்படும் என்ற நிபந்தனையில் சம்மதிக்கிறேன்.” இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தார்கள்.