மழை நாளில் ஓரியண்டீரிங்: காலை எங்கே வைப்பது?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் குளிர்கால ஓரியண்டீரிங் என்றாலே சேறுதான். வரைபடத்தையும் காம்பஸையும் வைத்துக்கொண்டு காட்டிலும் மேட்டிலும் கண்ட்ரோல்களை, அதாவது வரைபடத்தில் குறித்த இடங்களில் வைத்திருக்கும் அடையாளங்களை, தேடி ஓடும் விளையாட்டு. பாதையை விட்டு இறங்கினால்தான் நேரம் மிச்சமாகும். நான் ஓடுவதைவிட முதலுதவி மேசையில் உட்காருவது அதிகம். அங்கே வருகிறவர்களிடம் கேட்டுப் பார்த்தால், ஆழமான சேற்றில் விழுந்து அடிபட்டவர் அபூர்வம். சேற்றைத் தாண்டி வந்து, ஏதோ கெட்டியான ஒன்றின்மேல் வைத்த முதல் அடியில் விழுந்தவர்கள்தான் ஏராளம். ஷூவின் பற்களுக்கு நடுவே சேறு அப்பிக்கொண்டால் அடிப்பாகம் வழவழ பலகை ஆகிவிடும். அதனால் சேற்றைவிட்டு ஏறியதும் புல்லிலோ ஹெதர் புதரிலோ இரண்டு அடி வைத்துச் சேற்றை உதறுங்கள். கல்லும் கட்டையும் அதற்கு அப்புறம்தான்.

எந்தக் கல் என்று தெரிந்துகொள்வது அதைவிட முக்கியம். ஷெஃபீல்டை ஒட்டிய மேட்டுப் பகுதியான பீக் டிஸ்ட்ரிக்டின் வடக்கே கிரிட்ஸ்டோன். உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான கல். பச்சைப் பாசி படியாத இடமாக இருந்தால் மழையிலும் காலைப் பிடித்துக்கொள்ளும். தெற்கே சுண்ணாம்புக்கல். ஈரமானால் அதை நம்பவே கூடாது, அதுவும் பலர் மிதித்துத் தேய்ந்த இடத்தில். வண்டியை நிறுத்தும்போதே வயலோரக் கல்சுவர்களைப் பாருங்கள். அந்தந்த ஊர்க் கல்லை அடுக்கித்தான் கட்டியிருப்பார்கள். சுவர் கறுத்த பழுப்பு நிறமென்றால் கிரிட்ஸ்டோன், வெளிர் சாம்பல் என்றால் சுண்ணாம்புக்கல். சுவர் வெளிர் நிறமாக இருக்கிற நாளில் பாறை இறக்கங்களை நான் சுற்றிப் போய்விடுவேன்.

மரம் எதுவானாலும் எதிரிதான். விழுந்த மரத்தின்மேல் ஏறி நிற்காதீர்கள். தாண்டுங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்து காலை அந்தப் பக்கம் போடுங்கள். குறுக்கே ஓடும் வேர்களை மிதிக்காமல் இடையில் கால் வையுங்கள். வேலி தாண்டும் மரப்படியில் இறங்கும்போது ஒரு கை கம்பத்தைப் பிடித்திருக்கட்டும். முள்கம்பியை அல்ல! ஊசியிலை மரங்களை வெட்டிய காட்டில் கிளைகளை அப்படியே போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். கணுக்கால் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் முன்னால் போகும். அங்கே நடையே போதும்.

அடுத்து சதுப்பு. வரைபடத்தில் நீலநிறக் கிடைக்கோடுகள் சதுப்பு. அதைச் சுற்றிக் கறுப்பு எல்லைக்கோடு இருந்தால் கடக்கவே கூடாதது. வரைபடம் அவ்வளவுதான் சொல்லும், மீதியைச் செடி சொல்லும். கோரை வளர்ந்திருந்தால் ஈரம் இருக்கும், ஆனால் பெரும்பாலும் கால் வைக்கலாம். பளிச்சென்ற பச்சைப் பாசி மெத்தைபோல் விரிந்திருந்தால் விலகிப் போங்கள். நஞ்சையில் நடந்து பழகிய எனக்குச் சேறு புதிதல்ல என்றுதான் இங்கே வந்தபோது நினைத்தேன். பீக் டிஸ்ட்ரிக்டின் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் இருக்கும் பீட் (செடிகள் பாதி மக்கிச் சேர்ந்த மண்) வேறு ரகம். கறுத்து, கொழகொழவென்று, ஷூவைக் கழற்றி வைத்துக்கொள்ளும். லேஸை இரட்டை முடிச்சுப் போட்டு, மேலே டேப் ஒட்டிவிடுங்கள். தொடை வரை போய்விட்டால் காலை வெடுக்கென்று இழுக்காதீர்கள். முன்னால் படுத்து எடையைப் பரப்பி, காலை ஆட்டி ஆட்டி மெல்ல எடுங்கள்.

ஷூவுக்கு ஆழமான ரப்பர் பற்கள் வேண்டும். நடுநடுவே சின்ன உலோக ஆணி வைத்த ஷூக்கள் ஈரக் கட்டைக்கும் வழுக்குப் புல்லுக்கும் அருமை. தார்ச்சாலையிலும் வழவழப்பான கல்தளத்திலும் கவனம் தேவை. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இறக்கத்தில் ஓடாதீர்கள். நின்று பாருங்கள், நொடிக்கணக்குதானே.

சரி, கணுக்கால் மடங்கிவிட்டது. முதலில் ஷூவைக் கழற்றாதீர்கள். கழற்றினால் வீக்கத்தில் திரும்பப் போட முடியாது, நடக்க வேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது. விரல் மரத்துப்போனால் லேஸைத் தளர்த்தினால் போதும். நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை, அல்லது கணுவெலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் உயிர்போகிறது என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் சுளுக்கு என்று முடிவுகட்டாதீர்கள். கையை ஊன்றி விழுந்து, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் வலி நின்றுகொண்டே இருந்தாலும் அப்படித்தான்.

நின்றுவிட்டவருக்குக் கணுக்காலைவிடக் குளிர் ஆபத்து. ஓடும்போது நனைந்த பனியன் சூடாகத்தான் இருக்கும். உட்கார்ந்த சில நிமிடங்களில் நடுக்கம் வந்துவிடும். மழைக்கோட்டை உடனே போடுங்கள், காற்றுப்படாத இடத்துக்கு நகருங்கள், ஈரத் தரையில் உட்கார வேண்டாம். பேச்சு குழறினால், கோட்டின் ஜிப்பை மூட விரல் தடுமாறினால், அவரைத் தனியாக விட்டுவிட்டு யாரும் போகக்கூடாது. உதவிக்கு விசில்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதில் மூன்றாக வரும். பதில் வந்தாலும் ஊதிக்கொண்டே இருங்கள், உங்களைத் தேடி வருகிறவர்களுக்குத் திசை வேண்டுமே. போனில் சிக்னல் இருந்தால் 999. முதலில் போலீஸ் கேட்டு, அப்புறம் மவுண்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) என்று சொல்லுங்கள்.

பாதியில் விட்டுவிட்டு நொண்டிக்கொண்டு காருக்குப் போனாலும் டிப்பரை (ஒவ்வொரு கண்ட்ரோலுக்கும் வந்ததைப் பதிவுசெய்யும் விரலளவுக் கருவி), அந்தப் பதிவை எடுத்துக்கொள்ளும் டவுன்லோடு மேசையில் காட்டாமல் கிளம்பாதீர்கள். காட்டாவிட்டால் நீங்கள் இன்னும் மேட்டில்தான் இருக்கிறீர்கள் என்று இருட்டில் ஆட்கள் தேடப் போவார்கள். எனக்குக் கோபம் வருகிற ஒரே விஷயம் இதுதான்.

வீட்டுக்கு வந்ததும் சிராய்ப்புகளைச் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை பெரணிப் புதரில் ஓடியிருந்தால் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி தேடுங்கள். தோலோடு ஒட்டிக் கூரான இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் சிவந்த வட்டம் பரவினால் டாக்டரிடம் காட்டுங்கள். ஷூவை ஹீட்டர்மேல் வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். செய்தித்தாளைத் திணித்துக் காற்றில் காயவிடுங்கள்.