மதுரையில் நாயை வாக்கிங் கூட்டிப்போக ஆள் தேர்ந்தெடுப்பது எப்படி?

நாயை வாக்கிங் கூட்டிப்போக ஆள் தேடும்போது பெரும்பாலோர் முதலில் கேட்பது "மாசம் எவ்வளவு?" என்றுதான். அதைக் கடைசியில் கேளுங்கள். கயிற்றைப் பிடிக்கப்போவது யார் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். போனில் நன்றாகப் பேசுகிறவர் ஒருவர், தினமும் வாசலில் வந்து நிற்பவர் வேறொருவர் என்றால் அந்தப் பேச்சால் நாய்க்கு ஒரு பயனும் இல்லை. வரப்போகும் ஆளைப் பார்த்து, அவர் நாயை நடத்துவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் முடிவெடுக்க வேண்டும்.

படி 1: நாயின் விவரத்தை ஒரு தாளில் எழுதுங்கள்

வயது, எடை, தடுப்பூசி தேதிகள், உடம்புக் கோளாறு, எதைக் கண்டால் பயப்படும், எதைக் கண்டால் பாயும் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். குட்டிக்குத் தடுப்பூசி வரிசை முடியாமல் (சுமார் நான்கு மாத வயது வரை) தெருவில் நடத்தக் கூடாது. குட்டிகளுக்குக் கடும் வாந்தி பேதியைக் கொடுக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பெண் நாய் பருவத்துக்கு வரும் இரண்டு மூன்று வாரங்கள் எப்போது என்பதையும் குறித்து வையுங்கள். அந்த நாட்களில் தெருவின் கடுவன்கள் எல்லாம் பின்னால் வரும், தனி ஆளால் சமாளிக்க முடியாது.

நம் பக்கத்து இனங்களுக்குத் தனியாகச் சில குறிப்புகள். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். பூனையோ ஆட்டுக்குட்டியோ ஓடினால் போதும், பாய்ந்துவிடும். கயிறு நழுவினால் கூப்பிட்டுத் திருப்புவது கடினம். ராஜபாளையம் நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. உங்கள் நாய் அப்படியென்றால் நீங்கள் காட்டும் கை சைகைகளை வரும் ஆளும் பழக வேண்டும். பக், ஷிட்ஸூ போன்ற சப்பை மூக்கு நாய்கள் வெயிலில் சீக்கிரம் திணறும். அவற்றுக்கு நடை குறைவாக இருக்கட்டும்.

படி 2: நேரத்தை நீங்களே முடிவு செய்யுங்கள்

மதுரை வெயிலில் இதை ஆளின் வசதிக்கு விட முடியாது. சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் நடை முடிந்திருக்க வேண்டும். மாலையில் வெயில் இறங்கிய பிறகும் தார்ச்சாலையும் பேவர் பிளாக்கும் சூட்டை விடாது. புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. "சாயங்காலம் நாலரைக்குத்தான் வர முடியும்" என்று சொல்பவரைக் கோடைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட நாயை உடனே ஓட விடுவதும் ஆபத்து. ஆழமான மார்புக்கூடு உள்ள பெரிய இனங்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. நடை முடிந்து இளைப்பாறிய பிறகு சாப்பாடு வைப்பதே நல்லது.

படி 3: போனில் நான்கு கேள்விகள்

ஒரே நேரத்தில் எத்தனை நாய்களைக் கூட்டிப்போவீர்கள்? ஒரு நாய், அல்லது ஒரே வீட்டின் இரண்டு நாய்கள் என்ற பதிலைத்தான் ஏற்கலாம். தெரு நாய் நெருங்கும்போது ஒரு கையாவது சும்மா இருக்க வேண்டும்.

நீங்களே வருவீர்களா? வர முடியாத நாளில் யார் வருவார்? அந்த இன்னொருவரையும் நேரில் பார்த்துவிடுங்கள்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டிருக்கிறீர்களா? தினமும் பல நாய்களோடு பழகுகிறவருக்கு அது அவசியம். போடாதவரென்றால் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இழுக்கிற நாயை எப்படிச் சமாளிப்பீர்கள்? "எந்த நாயா இருந்தாலும் ரெண்டே நாள்ல அடக்கிருவேன்" என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அடித்தும் கழுத்தை இறுக்கியும் அடக்கப்பட்ட நாய் ஒருநாள் வீட்டுப் பிள்ளையையே கடிக்கவும் கூடும்.

படி 4: பெல்ட்டும் கயிறும்

இவற்றை நீங்களே வாங்கி வையுங்கள். பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்வு கூடாது. சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்து தடிமன். சாதாரண பெல்ட்டைப் பின்னால் இழுத்தே கழற்றிவிடும். இழுத்தால் அளவாக இறுகி நின்றுவிடும் மார்ட்டிங்கேல் காலர் அவற்றுக்குப் பொருந்தும். கயிறு ஐந்தாறு அடி நீளம் போதும். பட்டனை அமுக்கினால் நீளும் கயிறு நம் தெருக்களுக்கு ஆகாது. ஷேர் ஆட்டோ வரும் சந்தில் நாய் பதினைந்து அடி முன்னால் போய்விட்டால் இழுத்துப் பிடிக்க நேரம் இருக்காது. கொக்கியின் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள், பெரும்பாலும் அறுவது கயிறல்ல, கொக்கிதான்.

படி 5: சோதனை நடை

இதைத் தவிர்த்துவிட்டு யாரையும் வேலைக்கு வைக்காதீர்கள். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் பத்து நிமிடம் கயிறு உங்கள் கையில், அவர் பக்கத்தில். பிறகு கயிற்றைக் கொடுத்துவிட்டு இருபதடி பின்னால் வாருங்கள்.

வாசலில் இருந்தே கவனியுங்கள். கேட்டைத் திறக்கும் முன்பே பெல்ட்டை மாட்டி, ஒருமுறை இழுத்துச் சரிபார்க்கிறாரா? நாய்கள் அதிகம் தப்பி ஓடுவது கேட் அருகேதான். கயிற்றின் வளையத்தில் கட்டைவிரலை நுழைத்து உள்ளங்கையை மூடி, மறுகையால் கயிற்றின் நடுவைப் பிடிப்பவர் வேலை தெரிந்தவர். மணிக்கட்டில் சுற்றிக்கொள்பவருக்குச் சொல்லிக் கொடுங்கள். முப்பது கிலோ நாய் திடீரென்று பாய்ந்தால் மணிக்கட்டே முறியலாம். கயிறு தொய்வாகத் தொங்குகிறதா, எப்போதும் விறைப்பாக இருக்கிறதா? நாய் மோந்து பார்க்க நிற்க விடுகிறாரா? மோந்து பார்ப்பதுதான் நாய்க்கு உண்மையான வெளியுலகம். போன் அடித்தால் என்ன செய்கிறார்? மலத்தை எடுக்கப் பேப்பரோ கவரோ கொண்டுவந்திருக்கிறாரா?

தெரு நாய்கள் உள்ள ஒரு முனை வழியாகவும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அனுபவசாலி கறிக்கடை, குப்பைத்தொட்டிப் பக்கங்களைச் சுற்றிக்கொண்டு போவார், ஏனென்றால் அங்கே உள்ள கூட்டம் தன் எல்லையை விடாது. எதிர்ப்பட்டால் ஓட மாட்டார். நம் நாயைத் தன் காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, உற்றுப் பார்க்காமல், மெதுவாகத் திரும்பி அந்த எல்லையை விட்டு வெளியேறுவார். கையில் கம்பு இருந்தால் தரையில் தட்டுவார். கல்லெறிபவர் வேண்டாம். எறி வாங்கிய நாய்கள் ஆளை நினைவில் வைத்து மறுநாள் தூரத்திலேயே குரைத்துக்கொண்டு வரும், அந்தப் பகை உங்கள் நாயின் மேல் விடியும். காதில் வெட்டு அடையாளம் உள்ள தெரு நாய்க்குக் கருத்தடை ஆகியிருக்கும், அப்போதே வெறிநோய்த் தடுப்பூசியும் போடுவது வழக்கம். இதைத் தெரிந்து வைத்திருக்கும் ஆள் தெருவைக் கவனித்து நடப்பவர்.

படி 6: பேசி முடிக்க வேண்டியவை

இப்போது பணம் பேசுங்கள். எத்தனை நிமிட நடை, ஞாயிறு உண்டா, விடுமுறை நாளுக்குக் கழிவு உண்டா என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி இருவரும் சரி சொல்லுங்கள். ஆதார் நகலும் வீட்டு முகவரியும் வாங்குங்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் வருகிறவரென்றால் நடையின்போது லைவ் லொகேஷன் அனுப்பச் சொல்லலாம்.

ஆபத்தில் என்ன செய்வது என்பதையும் எழுதிக் கொடுங்கள். விடாமல் மூச்சு இரைத்து, கெட்டி எச்சில் ஒழுகி, ஈறு சிவந்து, நாய் தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறியபடியே மருத்துவரிடம் தூக்கிப்போக வேண்டும். வாயில் தண்ணீரை வலிந்து ஊற்றக் கூடாது. ஆளை எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி அங்கே இலவசம்.

திருவிழா நாட்களையும் முன்பே பேசுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை அன்று மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வரை, அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையெங்கும் நாயோடு நடக்க இடமிருக்காது. தீபாவளியை ஒட்டிய நாட்களில் மொட்டைமாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெடிச்சத்தத்தில் மிரண்ட நாய் எந்தப் பெல்ட்டையும் உருவிக்கொண்டு ஓடும்.

முதல் மாதம்

ஆள் வரும் சத்தம் கேட்டதும் நாய் வாலாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறதா, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்கிறதா என்று பாருங்கள். நடை முடிந்து வந்ததும் காதுமடல், கால் விரலிடுக்கு, பெல்ட்டுக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாரம் ஒருநாள் சொல்லாமல் தெருமுனையில் நின்று கவனிப்பதில் தவறில்லை, நல்ல ஆள் அதற்கு வருத்தப்பட மாட்டார். ஆளை மாற்ற நேர்ந்தால், முடிந்தவரை பழையவரும் புதியவரும் இரண்டு நாள் சேர்ந்து நடக்கட்டும். சாவி கொடுத்திருந்தால் கடைசி நாளிலேயே திரும்ப வாங்கிவிடுங்கள்.