ஒரு முழம் வெறும் மண்: பச்சைத் தேனீயைத் தோட்டத்துக்கு வரவழைப்பது எப்படி?

டொராண்டோ நகருக்கென்று அதிகாரபூர்வத் தேனீ ஒன்று இருக்கிறது. அகபோஸ்டெமான் விரெசென்ஸ் என்பது அதன் பெயர். மனித வியர்வையின் உப்பை நாடி வருவதால் வியர்வைத் தேனீ என்று பெயர்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தது. சிறுவயதில் பொன்வண்டு பிடித்து விளையாடியவர்களுக்கு அதன் பச்சைப் பளபளப்பு உடனே பிடிபடும். இது தேன் சேர்த்து வைப்பதில்லை. ராணியும் கிடையாது.

படி 1: அடையாளம்

நீளம் ஏறக்குறைய 1 செ.மீ. தலையும் மார்பும் மரகதப் பச்சை. பெண்ணின் வயிறு கறுப்பு, அதில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். ஆணின் வயிற்றில் மஞ்சளும் கறுப்புமான பட்டைகள். ஈ என்று நினைத்து விரட்டிவிடாதீர்கள். கையில் நசுக்கினால் ஒழியக் கொட்டாது.

படி 2: மண்ணைத் திறந்துவிடுங்கள்

பலரும் தவறுவது இங்கேதான். இது மண்ணைத் தோண்டிக் குடியிருக்கும் தேனீ. ஈரம் காக்க வேண்டும் என்று முதல் ஆண்டு பாத்தி முழுவதும் மரச்சீவலால் மூடாக்குப் போட்டேன்; ஒரு பச்சைத் தேனீகூட அங்கே தங்கவில்லை. மறு ஆண்டு, வெயில் விழும், நீர் தேங்காத மூலையில் ஒரு முழம் மண்ணை வெறுமனே விட்டேன். ஜூன் மாதக் காலையில் அங்கே பென்சிலால் குத்தியதுபோல் ஒரு துளை, சுற்றிலும் பொடிமண். குனிந்து பார்த்தால் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பச்சை முகம் காவல் இருந்தது!

உள்ளே நடப்பது ஒண்டுக்குடித்தனம். வாசல் பொது, ஆனால் ஒவ்வொரு பெண்ணும் தன் அறைகளைத் தானே கட்டி, மகரந்தத்தைப் பூந்தேனில் பிசைந்து உருட்டி, அதன்மேல் முட்டையிடுகிறது.

படி 3: பூக்கள்

கோடைக்கு எக்கினேசியா, சூரியகாந்தி. இலையுதிர் காலத்துக்கு ஆஸ்டர், கோல்டன்ராட். அடுக்கிதழ் வகைகளைத் தவிருங்கள். அவற்றில் மகரந்தம் அரிது.

வளர்ப்புத் தேனீ மகரந்தத்தை ஈரமாக்கிக் காலில் உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். இதுவோ பின்னங்கால் ரோமங்களில் உலர்ந்த தூளாகவே சுமக்கிறது. அதனால் அடுத்த பூவில் எளிதாக உதிர்கிறது. மகரந்தச் சேர்க்கை நடக்கிறது.

படி 4: மருந்தும் மண்வெட்டியும்

பூச்சிமருந்து வேண்டாம். குளிருக்கு முன் ஆண்கள் இறந்துவிடும். இணைசேர்ந்த இளம் பெண்கள் மட்டும் மண்ணுக்குள் உறங்கி வசந்தத்தில் எழும். அக்டோபரில் பாத்தியைக் கொத்தும்போது அந்த ஒரு முழத்தில் மட்டும் மண்வெட்டி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.