வீ கேமுக்கு வீட்டிலேயே ஒரு சென்சார் பார்

2006-இல் வந்த நிண்டெண்டோ வீ (டிவியோடு இணைத்து ஆடும் கேம் பெட்டி) நன்றாக ஓடுகிறது, ரிமோட் திரையில் எங்கே காட்டுகிறது என்று கண்டுபிடிக்க டிவிக்குப் பக்கத்தில் வைக்கும் சென்சார் பார் மட்டும் போய்விட்டது என்றால் பெட்டியை மூட்டை கட்டிவிடாதீர்கள். பேர்தான் சென்சார் பார். உள்ளே சென்சாரே கிடையாது. இரண்டு முனையிலும் அகச்சிவப்பு எல்இடிகள், அவ்வளவுதான். அதைப் பார்க்கும் கேமரா ரிமோட்டின் முனையில், கறுப்பு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கிறது.

940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி ஆறு, 33 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, ஒரு பழைய யூஎஸ்பி கேபிள் போதும். மூன்று எல்இடிகளை வரிசையாகக் கோர்த்து (ஒன்றின் குட்டைக் கால் அடுத்ததன் நீளக் காலோடு) ஒரு ரெசிஸ்டர் சேர்த்துப் பற்றவையுங்கள். இதேபோல இன்னொரு முனை. இரண்டு வரிசைகளின் நீளக்கால் பக்கம் 5 வோல்ட் ஒயருக்கு, மறுபக்கம் கிரவுண்டுக்கு. ஒயர் நிறத்தை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டரை விட்டுவிட்டால் எல்இடி கருகிவிடும்.

இரு முனைகளுக்கும் நடுவே சுமார் 20 செ.மீ. இருக்கட்டும். ஓரத்து எல்இடியைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்த்தால் பக்கவாட்டில் நின்று ஆடுபவருக்கும் சரியாக வரும்.

எரிகிறதா என்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது. செல்போனின் முன்பக்கக் கேமராவில் பாருங்கள். பெரும்பாலும் மங்கலான ஊதாப் புள்ளிகளாகத் தெரியும். ஜன்னல் வெயில் நேராக ரிமோட்டில் விழுந்தால் திரையில் கர்சர் தாவும், திரைச்சீலையை இழுத்துவிடுங்கள்.