பிளெண்டரில் சொம்பு செய்யப்போய் டயர் வருகிறதா?

சொம்பு, கிண்ணம், பம்பரம், கட்டில் கால் போல எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும் பொருளுக்குப் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் பாதி வெட்டுக்கோடு, அதாவது பொருளை நடுவே வெட்டினால் தெரியும் விளிம்பில் ஒரு பாதி, போதும். அதன்மேல் ஸ்க்ரூ மாடிஃபையரை (கோட்டை ஓர் அச்சைச் சுற்றிச் சுழற்றி உருவமாக்கும் கருவி) போட்டு, 'ஸ்க்ரூ' அளவை 0 என்றும் 'ஆங்கிள்' 360 என்றும் விட்டால் உருவம் வந்துவிடும். வராமல் போனால் பெரும்பாலும் கோட்டில் குற்றமில்லை, அச்சில்தான்.

கடைசல் பட்டறையில் கட்டையை மையம் பார்த்து மாட்டாவிட்டால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். மாடிஃபையர் சுற்றும் அச்சு அந்தப் பொருளின் ஆரிஜின், அதாவது ஆரஞ்சுப் புள்ளி, வழியாகத்தான் போகும். புள்ளி ஓரிடத்திலும் கோடு தள்ளி வேறிடத்திலும் இருந்தால் சொம்புக்குப் பதில் டயர்தான் வரும். 3டி கர்சரை (இடம் குறிக்கும் சிவப்பு-வெள்ளை வட்டக் குறி) சொம்பின் நடுவில் வைத்து, 'செட் ஆரிஜின்' மெனுவில் 'ஆரிஜின் டு 3டி கர்சர்' கொடுங்கள்.

அச்சு இசட் என்று இருக்கும்போது கோட்டை மேலிருந்து பார்த்து வரைந்தால் தட்டையான வட்டத் தகடுதான் மிஞ்சும். விசைப்பலகையின் வலது ஓர எண் விசைகளில் (நம்பேட்) 1 அழுத்தி, முன்பக்கத்திலிருந்து வரையுங்கள். வலது பாதி மட்டும் போதும். இரண்டு பாதியையும் வரைந்தால் ஒரே சுவர் இரண்டு முறை விழுந்து, கறுப்புத் திட்டுகள் மினுமினுக்கும்.

அடிப்பாகத்தில் இன்னொரு வம்பு. கோட்டின் கடைசிப் புள்ளி அச்சில் இருப்பதுபோலத் தெரியும். 'N' விசையை அழுத்தி, பக்கத்தில் வரும் பேனலைப் பார்த்தால் எக்ஸ் 0.003 என்று இருக்கும். சொம்பின் அடியில் ஊசித்துளை! அங்கே 0 என்று தட்டுங்கள், மாடிஃபையரில் 'மெர்ஜ்' (ஒட்டிக் கிடக்கும் புள்ளிகளை ஒன்றாக்குவது) டிக்கையும் போடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஓரிடத்தில் பல புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடக்கும்.

அப்புறம் ஸ்டெப்ஸ், அதாவது ஒரு சுற்றை எத்தனை துண்டாக்குவது என்ற எண். முதலில் 16 என்று இருக்கும். அதாவது உங்கள் வட்டம் உண்மையில் 16 பக்கப் பலகோணம். ஒரு கண்ணாடி ஜாடிக்கு 50 மி.மீ. ஆரத்தில் மூடி செய்து 3டி பிரிண்ட் எடுத்தேன். எவ்வளவு அழுத்தியும் இறங்கவில்லை. கணக்குப் போட்டபோதுதான் விளங்கியது: ஒவ்வொரு பக்கத்தின் நடுவும் கிட்டத்தட்ட 1 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கிறது. 64 ஆக்கினால் அது 0.06 மி.மீ.தான். திரைக்கும் ரெண்டருக்கும் (இறுதிப் படம்) தனித்தனி எண்கள் உண்டு, இரண்டையும் மாற்றுங்கள்.

நிழல் கோணலாக விழுந்தால் பரப்புகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று நிறத்தில் காட்டும் 'ஃபேஸ் ஓரியண்டேஷன்' போட்டுப் பாருங்கள். வெளிப்பக்கம் நீலமாக இருக்க வேண்டும். சிவப்பாக இருந்தால் ஸ்க்ரூ மாடிஃபையரில் 'ஃப்ளிப்' டிக். சுவருக்குத் தடிமன் தர 'சாலிடிஃபை' என்ற இன்னொரு மாடிஃபையர், அது பட்டியலில் ஸ்க்ரூவுக்குக் கீழே.

மாடிஃபையரை அவசரப்பட்டு அப்ளை செய்யாதீர்கள், அதாவது உருவத்தை நிரந்தரமாக்கிவிடாதீர்கள். சொம்பின் கழுத்தைக் கொஞ்சம் ஒடுக்கலாமே என்று பிறகு தோன்றினால், இப்போது நகர்த்த வேண்டியது ஒரே புள்ளி. அப்ளை செய்துவிட்டால் 64 புள்ளிகள்.