ஜன்னல் சீட் கிடைத்தும் காட்சி கிடைக்காமல் போவது ஏன்?

ஜன்னல் சீட் எடுத்துவிட்டால் வேடிக்கைக்குக் குறைவிருக்காது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உட்கார்ந்த பிறகுதான் வெளியே இறக்கை மட்டும் தெரிகிறது என்பதும், மலைகளெல்லாம் எதிர்ப்பக்கம் என்பதும் புரிகிறது.

முதல் தவறு, எந்தப் பக்கம் என்று யோசிக்காமல் பதிவு செய்வது. விமானத்தின் மூக்கைப் பார்த்து நின்றால் ஏ இருக்கை இடது கைப்பக்கம். வலது ஜன்னல் சிறிய விமானங்களில் பெரும்பாலும் எஃப், அகலமான விமானங்களில் பெரும்பாலும் கே. டெல்லியிலிருந்து காத்மாண்டு போகும்போது விமானம் கிழக்கு நோக்கிப் பறக்கும், இமயமலை வடக்கே இருக்கிறது. அதனால் இடது பக்கம் உட்கார வேண்டும். திரும்பும்போது வலது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: ராசியான சீட் என்று இரண்டு தடவையும் ஏ வரிசையையே எடுத்துவிடுகிறார்கள்.

நீண்ட பயணமென்றால் தட்டையான வரைபடத்தில் கோடு போட்டுப் பார்க்காதீர்கள். பூமி உருண்டை. லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் விமானங்கள் பல நாட்களில் கிரீன்லாந்து வழியாகவே போகும். ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளங்களில் அதே விமானம் முந்தைய நாட்களில் போன பாதையைப் பார்த்துக்கொள்ளலாம். 10 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் சுமார் 350 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும். ஆகவே மலை பாதையிலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்தாலும் பரவாயில்லை, பக்கம் சரியாக இருந்தால் போதும்.

அடுத்தது வெயில். காலையில் வடக்கே போகும் விமானத்தில் வலது பக்கம் கண் கூசும். ஜன்னலில் உள்ள கீறல்கள் எல்லாம் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும், படமும் வெளிறிப் போகும். சூரியனுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் இன்னொரு லாபமும் உண்டு. கீழே மேகம் இருந்தால் விமானத்தின் நிழலைச் சுற்றி வட்ட வானவில் ஒன்று தெரியலாம். என்னைக் கேட்டால் சூரிய அஸ்தமனத்தைவிட அதுதான் அழகு. அஸ்தமனம்தான் வேண்டும் என்பவர்கள் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கம் சரியாக அமைந்தாலும் வரிசை கெடுத்துவிடும். கால் நீட்டலாமென்று நடுவிலுள்ள அவசர வழி வரிசையை எடுத்தால், பெரும்பாலும் இறக்கைக்கு மேலேதான் உட்காருவீர்கள். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் இருந்தால் எஞ்சினின் சூடான காற்றில் காட்சி கானல்போல நெளியும். இறக்கைக்கு முன்னால் எடுப்பதே நல்லது. ஏடிஆர் மாதிரி ப்ரொப்பெல்லர் விமானங்களில் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்ப்பதற்குத் தடையில்லை. ப்ரொப்பெல்லருக்கு நேரான வரிசையை மட்டும் தவிர்த்தால் போதும்.

போயிங் 737இல் ஓரிரு ஜன்னல் இருக்கைகளுக்கு ஜன்னலே கிடையாது. ஏசி குழாய் அந்த இடத்தில் சுவருக்குள் ஏறுவதுதான் காரணம். காசு கொடுத்து எடுக்கும் முன் இருக்கை விவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

இறங்கும்போது நகரம் எந்தப் பக்கம் தெரியும் என்பதை மட்டும் நம்பி சீட் எடுக்காதீர்கள். விமானங்கள் காற்றை எதிர்த்தே இறங்கும். காற்று திசை மாறினால் இறங்கும் பாதையும் மாறிவிடும்.

அப்புறம், போலரைஸ்டு கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அதன் வழியாகப் பார்த்தால் விமான ஜன்னலில் வண்ணத் திட்டுகள் தெரியும்.