கப்பலில் இருக்கும்போதே அடுத்த குரூஸுக்கு அட்வான்ஸ்: எப்போது கட்டுவது, என்ன கேட்பது

கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவைக்கிற பழக்கம் நமக்குப் புதிதில்லை. தேதி கைநழுவிவிடக் கூடாது, மீதிப் பணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் கணக்கு. கப்பலில் போய்க்கொண்டிருக்கும்போதே அடுத்த கப்பல் பயணத்துக்கு டெபாசிட் கட்டுவதும் ஏறக்குறைய அதேதான். ஆனால் எந்த மண்டபக்காரரும் செய்யாத ஒன்றைச் சில கப்பல் கம்பெனிகள் செய்கின்றன: தேதியே சொல்லாமல் அட்வான்ஸ் வாங்கிக்கொள்கின்றன, இரண்டு வருடத்தில் வரவில்லை என்றால் அதைத் திருப்பியும் கொடுத்துவிடுகின்றன. இது தெரியாமல் ஊருக்கு வந்து, வீட்டில் உட்கார்ந்து, முழு டெபாசிட்டும் கட்டிப் பதிகிறவர்கள்தான் அதிகம்.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியா. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சான் பெட்ரோவில் ஏறி, மெக்சிகோ கரையில் புவெர்ட்டோ வயார்ட்டா, மசாட்லான், காபோ சான் லூக்காஸ் என்று ஏழு நாள் சுற்றிவிட்டு வருகிற பயணம் இரண்டு முறை போயிருக்கிறோம். கீழே எழுதியிருப்பதெல்லாம் அமெரிக்காவில் பதிகிறவர்களுக்கான நடைமுறை. மற்ற நாடுகளில் டெபாசிட் விதிகள் வேறு மாதிரி இருக்கும்.

முதலில் இதற்கு என்ன பெயர் என்று தெரிந்துகொள்ளுங்கள், கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ராயல் கரீபியனில் நெக்ஸ்ட்குரூஸ், நார்வீஜியனில் குரூஸ்நெக்ஸ்ட் (ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் திருப்பிப்போட்டுக்கொண்டார் போல), பிரின்சஸில் ஃபியூச்சர் குரூஸ் டெபாசிட், டிஸ்னியில் பிளேஸ்ஹோல்டர். எல்லாக் கப்பலிலும் இதற்கென்று ஒரு கவுண்டரோ மேசையோ இருக்கும், ஆட்கள் அதிகம் நடமாடும் இடமாகப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். கடலைப் பார்த்துக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்டு மூன்று நாள் ஆனவர்களிடம் அடுத்த பயணத்தை விற்பது சுலபம், அது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

சரி, நமக்கு இதில் என்ன கிடைக்கிறது? டிக்கெட் விலை குறையும் என்று நினைத்துப் போகாதீர்கள். டிஸ்னி மாதிரி சிலதை விட்டால், கப்பலில் சொல்கிற கட்டணமும் வெளியே இணையத்தில் தெரிகிற கட்டணமும் பெரும்பாலும் ஒன்றுதான். குறைவது டெபாசிட். கூடவே ஆன்போர்டு கிரெடிட் என்று அடுத்த பயணத்தில் கப்பலிலேயே செலவழிக்க ஒரு தொகை தருவார்கள். எனக்கு நன்றாகப் பழக்கமான பிரின்சஸை வைத்துச் சொல்கிறேன். தலைக்கு 100 டாலர் கட்டினால் போதும். எந்தக் கப்பல், எந்தத் தேதி, எந்த அறை என்று எதுவும் சொல்ல வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் அதை வைத்து ஒரு பயணத்தைப் பதியலாம். ஏழு நாள் பயணத்துக்குத் தலைக்கு 1,200 டாலர் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக 20 சதவீதம் டெபாசிட் என்றால் ஒருவருக்கு 240, இரண்டு பேருக்கு 480. கப்பலில் வாங்கிய டெபாசிட் கையில் இருந்தால் அதே அறை 200 டாலருக்கு உங்கள் பேரில் நிற்கும். அப்புறம் பயணத்தின் நீளத்தையும் அறையின் வகையையும் பொறுத்துத் தலைக்கு 25 டாலரில் தொடங்கி 150 வரை கிரெடிட். இரண்டு வருடம் ஆகியும் பயன்படுத்தவில்லை என்றால் 100 டாலர் தானாகத் திரும்பி வந்துவிடும்.

நிலுவைத் தொகை எங்கேயும் ஓடிவிடாது, இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கம்பெனிகளில் பயணத்துக்குச் சுமார் 75 முதல் 90 நாள் முன்பு, நீண்ட பயணம் என்றால் இன்னும் முன்னாலேயே, முழுப் பணத்தையும் கட்டியாக வேண்டும். டெபாசிட் குறைவு என்றால் அந்த நாள்வரை நம் பணம் நம் கையில் இருக்கிறது என்று அர்த்தம், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இப்போது முக்கியமான விஷயம். கவுண்டரில் உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்தப் பணம் திரும்பக் கிடைக்குமா?" அதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டு நான் பட்டது போதும். கம்பெனி பெயர் வேண்டாம். ஒரு பயணத்தில் கடைசி நாளுக்கு முந்தின மாலை, கையில் காபியோடு போய் உட்கார்ந்தோம், அடுத்த வருட டிசம்பர் விடுமுறைக்கு ஒரு தேதி, "டெபாசிட் பாதிதான்" என்றார்கள், சந்தோஷமாகக் கட்டிவிட்டு வந்தோம். நாலு மாதம் கழித்து மனைவியின் ஆபீஸில் விடுப்பு மாறிப்போனது. தேதியை மாற்றலாம் என்று ஃபோன் செய்தால், அது திரும்பக் கிடைக்காத டெபாசிட், மாற்றுவதற்கே ஆளுக்கு இவ்வளவு கட்டணம் என்றார்கள். நாலு பேர். குறைந்த டெபாசிட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரு ஃபோன் காலில் போய்விட்டது. தப்பு அவர்கள் மேல் மட்டும் இல்லை, படிவத்தில் அது எழுதித்தான் இருந்தது. நாங்கள் படித்தது தொகை இருந்த வரியை மட்டும்.

அதனால் என் பழக்கம் இப்போது இதுதான்: தேதி நிச்சயமாகத் தெரிந்தால் ஒழிய, தேதியில்லாத திறந்த டெபாசிட்டை மட்டுமே வாங்குவது, அதுவும் திரும்பக் கிடைக்கிறதாக இருந்தால் மட்டும். நார்வீஜியனின் குரூஸ்நெக்ஸ்ட் தேதி இல்லாமல் வாங்கக்கூடியதுதான், ஆனால் பணமாகத் திரும்ப வராது. அந்தக் கம்பெனியிலேயே மறுபடியும் போவோம் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு அது பரவாயில்லை. முதல் முறை கப்பல் ஏறி, இது நமக்குப் பிடிக்கிறதா என்றே இன்னும் தெரியாதவர்கள் தள்ளி நிற்பது நல்லது.

டிஸ்னி ஒரு தனி ரகம். அறைக்கு 250 டாலர், ஆளுக்கு இல்லை. பிறகு பதியும்போது கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி, ஏழு இரவோ அதற்கு மேலோ போகிற பயணம் என்றால் டெபாசிட்டும் 20 சதவீதத்துக்குப் பதில் 10 சதவீதம். டிஸ்னி கட்டணம் ஏற்கெனவே எங்கேயோ இருக்கிறது, அதில் 10 சதவீதம் என்பது நல்ல தொகை. பயன்படுத்தாவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் தள்ளுபடி செல்லாத தேதிகள் சில உண்டு, நமக்குப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைதான் முக்கியம் என்பதால் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டே கட்டுங்கள்.

பொதுவாகத் திறந்த டெபாசிட்டையே வாங்கு என்று நான் சொன்னாலும், ஒரே அறையில் மூன்று நாலு பேர் தங்கப்போகிற குடும்பங்கள் தேதியோடு பதிவதில் ஒரு நியாயம் இருக்கிறது. கோடை விடுமுறை, கிறிஸ்துமஸ் வாரம் இரண்டிலும் நாலு பேர் அறைகள்தான் முதலில் தீரும். அந்த அறைகள் எண்ணிக்கையில் குறைவு என்பது ஒரு பக்கம். உயிர்காக்கும் படகுகளில் இத்தனை பேருக்குத்தான் இடம் என்ற கணக்கு ஒன்று இருப்பதால், அறையில் கட்டில் காலியாக இருந்தாலும் மூன்றாவது நாலாவது ஆளை ஏற்றமாட்டேன் என்று சொல்கிற நிலைமையும் வரும். கப்பல் கம்பெனிகள் ஒன்றரை, இரண்டு வருடம் முன்பே தேதிகளைத் திறந்துவிடுகின்றன, எனவே பள்ளி நாட்காட்டி கையில் இருந்தால் கப்பலிலேயே பதிந்துவிடலாம். திரும்பக் கிடைக்கிற டெபாசிட் வகையைக் கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை.

இனி, எப்படிச் செய்வது. வேலை கப்பல் ஏறுவதற்கு முன்பே ஆரம்பிக்கிறது. மனதில் இருக்கிற இரண்டு மூன்று பயணங்களை வீட்டிலேயே தேடி, தேதி, அறை வகை, வரி எல்லாம் சேர்த்த மொத்தக் கட்டணம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் இணையத்துக்குத் தனிக் காசு, வேகமும் சுமார், கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. அந்தப் படம் இருந்தால், அவர்கள் சொல்கிற விலை ஒன்றாக இருக்கிறதா, ஏதாவது சலுகையைக் கழற்றிவிட்டார்களா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

கவுண்டருக்கு எப்போது போவது? கடைசிக் கடல் நாளில் போகாதீர்கள். எல்லோருக்கும் அன்றைக்குத்தான் ஞானம் வரும், வரிசை திருப்பதி மாதிரி நிற்கும். இரண்டாம் நாளே போய் வேலை நேரத்தைக் கேட்டு, முன்பதிவு நேரம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது கப்பல் துறைமுகத்தில் நிற்கிற நாளில், மற்றவர்கள் ஊர் சுற்றிவிட்டுக் களைத்துத் திரும்புவதற்கு முன் போங்கள். காபோ சான் லூக்காஸில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது, சிறிய படகில்தான் கூட்டிப்போவார்கள். மாலையில் திரும்பி வரும்போது படகுக்கு நீண்ட வரிசை. நாங்கள் மதியமே திரும்பிவிட்டோம், கவுண்டரில் எங்களைத் தவிர யாருமில்லை, அந்தப் பெண்மணி எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினார். திறந்த டெபாசிட் மட்டும் போதும் என்றால் பேச்சே தேவையில்லை, ஒரு சின்னப் படிவம், கையெழுத்து, பணம் உங்கள் கப்பல் கணக்கில் ஏறிவிடும்.

தேதியோடு பதிந்தால் பெயர் விஷயத்தில் கவனம். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இனிஷியல்தான். பழைய பாஸ்போர்ட் சிலவற்றில் சர்நேம் கட்டம் காலியாகவே இருக்கும், அமெரிக்க விசாவில் இருக்கிற பெயரைச் சர்நேமாக வைத்துவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப் என் யு' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அடித்திருப்பார்கள். கவுண்டரில் இருப்பவருக்கு இந்தக் கதை தெரியாது, அவர் இஷ்டத்துக்கு அப்பா பெயரை முன்னும் பின்னும் போட்டுவிடுவார். திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்துச் சரிபார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அலாஸ்கா கூட்டிப்போகலாம் என்று கவுண்டரில் தோன்றும், மலையும் பனியுமாகப் படம் வேறு ஓடிக்கொண்டிருக்கும். பணத்தை நீட்டும் முன் விசாவை யோசியுங்கள். சியாட்டலில் ஏறி சியாட்டலிலேயே இறங்குகிற அலாஸ்கா பயணம் எல்லாம் வழியில் கனடாவில், பெரும்பாலும் விக்டோரியாவில், நின்றுவிட்டுத்தான் வரும். வெளிநாட்டில் பதிவாகி அந்த நாட்டுக் கொடி பறக்கிற கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆட்களை ஏற்றி அங்கேயே இறக்கினால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும் என்று 1886-லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டில் அமெரிக்கச் சுற்றுலா விசாவோடு வருகிற பெற்றோருக்குக் கனடா விசா தனியாக வேண்டும், கட்டணம் ஆளுக்கு 100 கனடா டாலர், கைரேகைக்கு இன்னொரு 85. கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. விசா எப்போது வரும் என்று தெரியாத நிலையில் தேதி போட்டு, திரும்பக் கிடைக்காத டெபாசிட் கட்டுவது வேண்டாத வேலை. இந்த மாதிரி நேரத்துக்குத்தான் திறந்த டெபாசிட் இருக்கிறது.

ஏஜெண்ட் மூலமாகப் போனவர்கள் பயப்பட வேண்டாம், கப்பலில் பதிவதால் அவருக்குத் துரோகம் ஒன்றும் இல்லை. பெரும்பாலான கம்பெனிகளில் புதிய பதிவும் அதே ஏஜெண்ட் பெயரிலேயே போய்ச் சேரும். நல்ல ஏஜெண்ட் என்றால் தன் கமிஷனிலிருந்து அவரும் கொஞ்சம் கிரெடிட் சேர்த்துத் தருவார், கேட்டால்தான் தருவார்.

இறங்குவதற்கு முந்தின இரவு கணக்குச் சீட்டைப் பாருங்கள், டெபாசிட் சரியான தொகையில், சரியான ஆள் பெயரில் இருக்கிறதா என்று. தேதியோடு பதிந்திருந்தால் உறுதிக் கடிதம் மின்னஞ்சலில் வந்ததா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பலிலிருந்து இறங்கிய பிறகு திருத்தம் என்றால் ஃபோனில் ஒரு மணி நேரம் இசை கேட்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் இறுதித் தவணை நாளை, இரண்டு வாரம் முந்தின நினைவூட்டலோடு, நாட்காட்டியில் போட்டுவிடுங்கள். அந்த நாள் வரும்வரை மாதம் ஒரு முறை விலையைப் பாருங்கள், குறைந்திருந்தால் ஏஜெண்டிடமோ கம்பெனியிடமோ குறைந்த விலைக்கு மாற்றித்தரச் சொல்லலாம். முழுப் பணமும் கட்டிய பிறகு அந்தக் கதவு அநேகமாக மூடிவிடும். பங்குச்சந்தைப் பழக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: பிரின்சஸின் தாய் நிறுவனமான கார்னிவல் கார்ப்பரேஷனில் 100 பங்கு வைத்திருந்தால், 7 முதல் 13 நாள் வரையான பயணத்துக்கு அறைக்கு 100 டாலர் கிரெடிட் விண்ணப்பித்து வாங்கலாம். இதற்காகப் போய்ப் பங்கு வாங்காதீர்கள், ஏற்கெனவே இருந்தால் விடாதீர்கள்.

திறந்த டெபாசிட் வாங்கியவர்கள் அது காலாவதியாகும் தேதியையும் குறித்துவைக்க வேண்டும். பயன்படுத்தாமல் போனால் பணம் நீங்கள் கட்டிய கார்டுக்கே திரும்பும், இரண்டு வருடத்தில் அந்தக் கார்டையே மாற்றியிருப்பீர்கள். மாற்றிய அன்றே கம்பெனிக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.